விழிக்கு வில்லை தந்த வித்தகர்

ஹற்றனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ பேருந்துக்காகக் காத்து நிற்கும் முதியவர்களுடன் சற்றே உரையாடினால், தம் கண்ணுக்குள்ளே வைத்தியர் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார் என்று அவருட் சிலரேனும் பெருமிதத்தோடு கூறக் கேட்கலாம். புரை அகற்றிய கண்ணினுள் வைக்கப்பெறும் சிறு வில்லையைத்தான் அவர்கள் அவ்வாறு கூறுகின்றனர். அவரை விதையினுஞ் சிறிய அந்த வில்லையை மனிதக் கண்ணினுள் முதன்முதலாக வைக்கத் துணிந்தவர் ஹரல்ட் றிட்லி என்னும் ஆங்கிலேயர். கண் வைத்திய உலகெங்கும் போற்றப்படும் இப்பெரியாரின் வரலாற்றை நான் இங்கு எழுத முற்பட்டமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று நன்றியறிதல். மற்றொன்று, புரைக்குச் சிகிச்சை பெறவுள்ள முதியோரின் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் ஒரு வினா. விலை குறைந்த சாதாரண வில்லையை வைப்பதா, விலை மிகுந்த பல்குவிய வில்லையை வைப்பதா என்பதே அது. அவ்வினாவுக்கு விடைகாண வேண்டிய முறையை இவருடைய வாழ்க்கையே ஒருவாறு நமக்குக் காட்டுகின்றது.

கண்ணின் முன்னும் பின்னும்

கண்ணைப் புகைப்படக் கருவிக்கு ஒப்பிடுவது பள்ளிக்கூடத்து வழக்கம். முன்னே உள்ள வில்லை ஒளியைக் குவித்துப் பின்னே உள்ள விழித்திரையில் விழச் செய்கிறது. விழித்திரை அதனை நரம்பின் வழியே மூளைக்கு உணர்த்துகிறது. வில்லை மங்கினால் அது புரை. திரை பழுதுற்றால் அது வேறு நோய். முன்னதை மாற்றலாம், பின்னதை மாற்றுதற்கு இன்றளவும் வழியில்லை. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக.

புரையை நீக்கும் முயற்சி மிகப் பழையது. மங்கிய வில்லையை ஊசி கொண்டு பார்வைப் பாதையினின்றும் கீழே தள்ளிவிடும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. 1747இல் பிரான்சு தேசத்து வைத்தியர் ஜாக் டவியல் அவ்வில்லையைக் கண்ணினின்றும் வெளியே எடுக்கும் சத்திரசிகிச்சையைச் செய்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகள் வரை வைத்தியர்கள் புரையை எடுப்பதில் வல்லவராயினரேயன்றி, எடுத்த இடத்தில் எதனையும் வைத்தாரல்லர். வில்லையற்ற கண்ணுக்குச் சோடாப் போத்தலின் அடிப்பாகம் போன்ற தடித்த மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்தது. அதன் வழியே பார்த்தால் பொருள்கள் காற்பங்குக்கு மேல் பருத்துத் தோன்றும். பக்கப் பார்வை மறையும். படியின் ஆழம் பிடிபடாது. சமவெளியில் வாழ்வோருக்கே இது துன்பமாயின், கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டி, மழையில் நனைந்த செங்குத்தான மலைச்சரிவில் இறங்குபவருக்கு எத்தகைய ஆபத்தாய் இருந்திருக்கும்! அக்கண்ணாடி வழுக்கி விழுந்து உடைந்தாலோ, சத்திரசிகிச்சை பெற்றவர் மீண்டும் குருடரே.

வைத்தியரின் மைந்தர்

நிக்கலஸ் ஹரல்ட் லொயிட் றிட்லி 1906ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் இங்கிலாந்தின் லெஸ்டர் மாநிலத்திலுள்ள கிப்வேர்த் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரும் கண் சத்திரசிகிச்சை வல்லுநரே. எனவே கண் என்னும் உறுப்பைப் பற்றிய பேச்சு அவருக்குத் தாலாட்டோடு கலந்து வந்தது எனலாம். சாட்டர்ஹவுஸ் பாடசாலையிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பெம்புறோக் கல்லூரியிலும் கற்று, இலண்டனிலுள்ள புனித தோமஸ் வைத்தியசாலையிற் பயிற்சி பெற்றார். 1938இல், புகழ்பெற்ற மூர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணரானார். அதுவரை அவருடைய வாழ்வு, திறமையும் நற்குடிப் பிறப்பும் வாய்ந்த இளைஞர் பலருடைய வாழ்வைப் போன்றதே. அதனை வேறுபடுத்தியது போர்.

இரண்டாம் உலகப் போரிலே படை வைத்தியராகச் சென்ற றிட்லி, அக்காலத்திற் பொற்கரை என வழங்கிய கானா நாட்டிற் பணியாற்றினார். அந்நாட்டின் வடபகுதி ஆற்றோரங்களில், கரிய சிற்றீயின் கடியாற் பரவும் புழுநோய் ஒன்று ஊர் ஊராக மக்களைக் குருடாக்கி வந்தது. ஃபுன்சி என்னும் சிற்றூரில் அந்நோயாளரின் கண்களை அவர் கருவி கொண்டு நுணுகி ஆராய்ந்தார். புழுவின் நுண்குஞ்சுகள் கண்ணின் முன்புறத்தை மாத்திரமன்றி, பின்னேயுள்ள விழித்திரையையும் சிதைப்பதைக் கண்டு விரிவாக விவரித்தார். 1945இல் வெளிவந்த அவ்வாராய்ச்சி நூலின் பயனாக, அவ்வகை விழித்திரைச் சிதைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

பின்னர் அவர் பர்மாவுக்கு அனுப்பப்பட்டார். இரங்கூனிலே, யப்பானியரின் சிறையினின்றும் விடுபட்ட போர்வீரர்களின் கண்களைச் சோதித்தார். அவர்களுட் பலர் நெடுங்காலம் ஊட்டமின்றி வாடியதனாற் பார்வை நரம்பு கெட்டவர்கள். கண்ணின் முன்புறம் பளிங்குபோல் தெளிவாயிருக்கும். வில்லையில் மாசு மறு இராது. ஆயினும் பார்வையின் நடுவிடம் இருண்டிருக்கும். தெளிந்த வில்லை இருந்தும் பார்வை இல்லை என்னும் உண்மையை ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் கண்ணெதிரே கண்ட ஒருவர்தாம் பின்னாளிற் செயற்கை வில்லையை ஆக்கினார் என்பதை நாம் மறத்தலாகாது.

விமானச் சில்லுகள்

போர்க்காலத்து நிகழ்ச்சி மற்றொன்றும் அவர் உள்ளத்தில் ஊன்றி நின்றது. 1940 ஆகஸ்ட் 15ஆம் நாள், கோர்டன் கிளீவர் என்னும் பிரித்தானிய விமானி ஓட்டிய ஹரிக்கேன் போர்விமானத்தின் மூடியைப் பகைவரின் குண்டு தகர்த்தது. அம்மூடி பேர்ஸ்பெக்ஸ் என்னும் செயற்கைக் கண்ணாடியால் ஆனது. அதன் சில்லுகள் விமானியின் இரு கண்களிலும் பாய்ந்தன. முகத்திலும் கண்களிலுமாக அவருக்குப் பதினெட்டுச் சத்திரசிகிச்சைகள் நடந்தன என்பர். ஒரு கண் போயிற்று. மற்றக் கண் தப்பியது. அவரையும், அவரைப் போன்று காயமுற்ற ஏனைய விமானிகளையும் சோதித்து வந்த றிட்லி ஒரு புதுமையைக் கண்டார். கண்ணினுள் எஞ்சிய பேர்ஸ்பெக்ஸ் சில்லுகள், கூரிய முனை எதனையும் உறுத்தாதவரையில், ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடந்தன. சாதாரணமாகக் கண்ணினுட் புகுந்த தூசோ துரும்போ சீழும் வீக்கமும் விளைத்துக் கண்ணையே அழித்துவிடும். இந்தப் பொருளையோ கண் பொறுத்துக் கொண்டது.

போர் முடிந்தபின், புனித தோமஸ் வைத்தியசாலையில் ஒரு நாள் றிட்லி புரை எடுக்கும் சத்திரசிகிச்சை செய்தார். அதனைப் பார்த்து நின்ற மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்கு மாற்றாக வேறொன்றை வையாது விடுவது ஏன் என வியந்து வினவினார். துறையின் வழக்கம் அறியாத மாணவரின் வினா அது. ஆயினும் நெடுநாளாகத் தம் உள்ளத்தில் உறங்கிய எண்ணத்தை அவ்வினா தட்டி எழுப்பிற்றென்று றிட்லி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

றேய்னர் என்னும் கண்ணாடி நிறுவனத்தின் ஒளியியல் வல்லுநர் ஜோன் பைக் என்பவரை அவர் அணுகினார். இலண்டனின் கவென்டிஷ் சதுக்கத்தில் நிறுத்திய மோட்டார் வண்டியினுள் அமர்ந்து இருவரும் இதனைப் பேசி முடித்தனர். வைத்தியத்துக்கு ஏற்ற தூய பேர்ஸ்பெக்ஸை ஐ.சீ.ஐ. நிறுவனம் ஆக்கிக் கொடுத்தது. தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையோ உரிமைப் பணமோ றிட்லி நாடவில்லை. பார்வையற்றோரின் தேவையைப் பொருளீட்டும் வழியாக்க அவர் விரும்பவில்லை.

முதல் வில்லை

1949 நவம்பர் 29ஆம் நாள், புனித தோமஸ் வைத்தியசாலையில், நாற்பத்தைந்து வயதுடைய பெண்மணி ஒருவரின் கண்ணினின்றும் புரை எடுக்கப்பட்டது. மனிதக் கண்ணினுள் செயற்கை வில்லை முதன்முதலாக வைத்துப் பார்க்கப்பட்டதும் அன்றே. அது நிலையாக வைக்கப்பட்டது 1950 பெப்ரவரி 8ஆம் நாளிலாகும். கண் வில்லையை ஏற்றது. ஆயின் அதன் வலு அளவுக்கு மீறி இருந்தமையால், அப்பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை உண்டாயிற்று. பின்வந்த வில்லைகளில் அக்குறை திருத்தப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே கண் வைத்தியரின் முதல் விதி, கண்ணினுட் புகுந்த அந்நியப் பொருளை அகற்றுக என்பதாகும். அந்நியப் பொருளை வேண்டுமென்றே உள்ளே வைப்பது அவர்களுக்குப் பெரும் பாதகமாகத் தோன்றும் என்பதை றிட்லி அறிவார். ஆகவே, பயன் உறுதியாகும் வரையிற் செய்தியை மறைத்து வைக்க எண்ணினார். ஆனால் சத்திரசிகிச்சை பெற்றவருள் ஒருவர், றிட்லி என்னும் அதே குடும்பப் பெயருடைய வேறொரு கண் வைத்தியரிடம் தவறிச் சென்றுவிட, மறைபொருள் வெளியாயிற்று என்று கூறுவர். 1951 ஜூலையில் ஒக்ஸ்போர்ட் கண் வைத்தியர் மாநாட்டில், தம் நோயாளர் இருவரையும் உடன் அழைத்துச் சென்று, றிட்லி தம் முறையை வெளியிட்டார். அக்காலத்துக் கண் வைத்தியரின் தலைவராக விளங்கிய சேர் ஸ்டூவட் டியூக் எல்டர் அந்நோயாளரைச் சோதித்துப் பார்க்கவும் மறுத்தார். 1952இல் சிக்காகோ மாநாட்டிலும் கண்டனமே மிகுந்தது.

எதிர்த்தவர் யாவரும் பொறாமையாளர் என்று நாம் எண்ணிவிடுதல் நீதியன்று. றிட்லியின் முதல் வில்லை 112 மில்லிகிராம் நிறையுடையது. இன்றைய வில்லையோ ஏறத்தாழ அதில் ஐந்திலொரு பங்கே. பாரம் மிகுந்த அவ்வில்லை சிலருடைய கண்ணில் இடம் பெயர்ந்து உள்ளே வீழ்ந்தது. சிலருக்கு வீக்கம் உண்டாயிற்று. சிலருக்கு அதனை மீண்டும் எடுக்க நேர்ந்தது. சுமார் ஆயிரம் கண்களில் வைக்கப்பட்டபின் அவ்வகை வில்லை கைவிடப்பட்டது. தம் துறையினரின் புறக்கணிப்பால் றிட்லி மனஞ்சோர்ந்து பல ஆண்டுகளைக் கழித்தார். எனினும் பீற்றர் சொய்ஸ் முதலிய இளையோர் புதிய வடிவங்களை ஆக்கினர். 1966இல் இம்முறையைப் போற்றுவோரின் அனைத்துலகச் சங்கம் இலண்டனில் உருவாயிற்று. 1971இல் றிட்லி வைத்தியசாலைப் பணியினின்றும் ஓய்வு பெற்றபோதும், வில்லைக்கு உலகம் முழுமனத்தோடு வாயில் திறக்கவில்லை. 1981இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்கு இசைவு அளித்தது. முதற் சத்திரசிகிச்சைக்கும் அவ்விசைவுக்கும் இடையே கழிந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகள்!

திரையை மறவாதவர்

றிட்லியின் வரலாற்றை எழுதுவோர் வில்லையோடு நிறுத்திவிடுவதுண்டு. அவர் செய்த மற்றொரு பணியையும் நான் இங்கு அழுத்திக் கூற விரும்புகிறேன். வில்லையை ஆக்கிய அதே ஆண்டுகளிலேயே, அப்போது புதுமையாயிருந்த தொலைக்காட்சிக் கருவியைக் கண்ணின் பின்புறத்தைக் காண்பதற்குப் பயன்படுத்த அவர் முயன்றார். ஒருவர் மாத்திரம் துளை வழியே எட்டிப் பார்த்த விழித்திரையைத் திரையில் விழுத்திப் பலரும் ஒருங்கே கண்டு ஆராயச் செய்வதே அவர் நோக்கம். இன்று வைத்தியசாலைகளில் விழித்திரையின் அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் ஓ.சீ.ரி. படத்தைக் காணுந்தோறும், அவ்வழியில் முன்னே நடந்தவருள் றிட்லியும் ஒருவர் என்பது என் நினைவுக்கு வருகின்றது. முன்புறத்துக்கு வில்லை தந்த கை, பின்புறத்தைக் காணும் வாயிலையும் தேடிற்று.

1986இல் றிட்லி இங்கிலாந்தின் றோயல் சங்கத்து உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். ஏறத்தாழ அக்காலத்திலேதான், சேய்மைக்கும் அண்மைக்கும் ஒருங்கே உதவும் பல்குவிய வில்லை மனிதக் கண்ணில் வைக்கப்படலாயிற்று. சாதாரண வில்லை ஒரு தூரத்துக்கே ஒளியைக் குவிக்கும். தூரப் பார்வைக்கு அதனை அமைத்தால், வாசிப்பதற்கு மூக்குக்கண்ணாடி வேண்டும். பல்குவிய வில்லையின் மேலே நுண்ணிய வளையங்கள் உண்டு. அவை உள்ளே வரும் ஒளியைப் பங்கிட்டு, ஒரு பங்கைத் தூரப் பார்வைக்கும் மற்றொரு பங்கைக் கிட்டப் பார்வைக்கும் அனுப்புகின்றன. வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் துறக்க விரும்புவோருக்கு இது வரப்பிரசாதமாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் பங்கீடு என்று வந்துவிட்டால் ஒவ்வொரு பங்கும் குறையும். ஒரு படி அரிசியை இரு வீட்டுக்குப் பகிர்ந்தால் எந்த வீட்டுக்கும் முழுப்படி கிட்டாது அன்றோ? இரு குவியமுடைய வளைய வில்லையின் பழைய அமைப்பிலே, ஒளியில் நூற்றுக்கு 41 பங்கு ஒரு குவியத்துக்கும், 41 பங்கு மற்றதற்கும் செல்ல, எஞ்சிய 18 பங்கு பயனின்றிச் சிதறுகின்றது. இதனால் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு மங்குகின்றது. இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவதுமுண்டு. விழித்திரை நலமாயிருப்பின் மூளை இக்குறைக்குப் பெரும்பாலும் பழகிவிடும். திரையிலேயே பழுதிருப்பின், குறையோடு குறை சேர்கின்றது. நீரிழிவினால் விழித்திரையின் நடுப்புள்ளி வீங்கியவர், முதுமையால் அப்புள்ளி தேய்ந்தவர், அதன்மேற் சவ்வு படர்ந்தவர் ஆகியோருக்குப் பல்குவிய வில்லையை வைக்க வைத்தியர் பெரும்பாலும் தயங்குவது இதனாலேயே. விழித்திரைக்குப் பின்னர் சத்திரசிகிச்சையோ லேசர் சிகிச்சையோ வேண்டியிருப்பின், அவ்வளையங்களின் ஊடே பார்த்துச் செய்வதும் வைத்தியருக்குக் கடினமாகலாம். நோய் இலேசாகவும் நிலையாகவும் இருப்பவர் சிலருக்குத் தெரிந்தெடுத்து வைப்பாரும் உளர். குவியத்தை இரண்டாகப் பிளவாது நீட்டிக் கொடுக்கும் புதிய வில்லைகளும் வந்துள்ளன. ஆயினும், திரையைச் சோதித்த பின்னரே வில்லையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமையில்லை.

எங்கள் மலையகத்துக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. நுவரெலியாவின் மலைகளில் மூடுபனி இறங்கும் வேளையில், பாதையின் சாம்பல் நிறக் கல்லைச் சாம்பல் நிறப் புகாரினின்றும் பிரித்தறிவதே பார்வை. எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசிக்கும் திறமையைக் காட்டிலும், ஒளி நிழல் வேறுபாட்டை உணரும் திறமையே அங்கு உயிரைக் காக்கும். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டியார் ஒருவரை நான் அறிவேன். நெடுங்காலம் நீரிழிவு உடையவர். இரு கண்ணிலும் புரை முற்றியது. கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யும் மகன், தாயின் மேலுள்ள அன்பினால், அவருடைய சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு விலையுயர்ந்த வில்லையை வைத்துவிட முனைந்தான். விலை கூடியது நன்மையும் கூடியது என்பது அவன் எண்ணம். வைத்தியர் முதலில் விழித்திரையைப் படம் பிடித்துப் பார்த்தார். நடுப்புள்ளியிலே நீர் கோத்திருந்தது. அதற்குச் சிகிச்சை செய்து, பின்னர் சாதாரண வில்லையையே வைத்தார். அம்மையார் இன்று லயத்தின் படிகளில் துணையின்றி இறங்குகிறார். பூத் தொடுக்கும்போது மூக்குக்கண்ணாடி அணிகிறார். பார்வையின் நடுவிலே சிறிது மங்கல் எஞ்சியிருக்கிறது. எந்த வில்லையாலும் அதனைப் போக்கியிருக்க முடியாது. சேமித்த பணமோ, தொடர்ந்து செய்ய வேண்டிய சோதனைகளுக்குக் கொழும்பு சென்றுவரப் பயன்படுகின்றது.

மதுரை வழி

சாதாரண வில்லையும் ஒரு காலத்தில் ஏழைக்கு எட்டாக் கனியே. 1980களில் அது நூறு டொலர் அளவில் விற்கப்பட்டது. அதனை ஏழைக்கும் உரியதாக்கியவருள் தலையாயவர், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்திற் பிறந்த வைத்தியர் கோ. வெங்கடசுவாமி. மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் சத்திரசிகிச்சை பழகி, அரசாங்கப் பணியினின்றும் ஓய்வு பெற்ற 1976இல், மதுரையிலே பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் சார்பாக 1992இல் எழுந்த ஒரோலாப் தொழிற்சாலை, பத்து டொலர் அளவுக்கு வில்லையின் விலையை இறக்கிற்று. எங்கள் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த அந்தப் பாண்டி நாட்டு மண்ணிலிருந்தே, றிட்லி விலை பேச மறுத்த பொருள் உலகத்து ஏழை நாடுகள் பலவற்றுக்கும் சென்றது. ஒருவர் உரிமைப் பணத்தைத் துறந்தார். மற்றவர் இலாபத்தை ஒறுத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் நிறைவு செய்தனர் என்பது என் கருத்து.

தாம் நட்ட மரத்தின் கனி

முதுமையில் றிட்லியின் கண்களிலும் புரை படர்ந்தது. 1990களில், தாம் முதல் வில்லையை வைத்த அதே புனித தோமஸ் வைத்தியசாலையில், தம் இரு கண்களுக்கும் வில்லை பெற்றார். தாம் நட்ட மரத்தின் கனியைத் தாமே உண்ணும் பேறு ஆராய்ச்சியாளருள் எத்தனை பேருக்கு வாய்க்கும்? கண்ணிற் சில்லுத் தாங்கிய விமானி கிளீவரும் தம் பிற்காலத்தில் புரைக்கு அதே வகைச் சிகிச்சை பெற்றார். 2000ஆம் ஆண்டில், ஒரு காலத்தில் தம்மைப் புறக்கணித்த நாட்டின் அரசியாரிடமிருந்து றிட்லி சேர் பட்டம் பெற்றபோது அவருக்கு அகவை தொண்ணூற்று மூன்று. 2001 மே 25ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், அப்பெருமகனார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான கண்களில் வில்லை வைக்கப்படுகின்றது. அதன் வகைகளும் விலைகளும் பெருகிவிட்டன, விளம்பரங்களும் பெருகிவிட்டன. கண் வைத்தியரிடம் செல்லும் முதியோரும் அவர்தம் மக்களும் எந்த வில்லை உயர்ந்தது என்று கேட்குமுன், என் விழித்திரை எவ்வாறு இருக்கிறது என்று கேட்பார்களாக. கானாவின் ஆற்றோரத்திலும் இரங்கூனிலும் றிட்லி கற்ற பாடம் அதுவே. ஆசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பறையிற் கூறும்போது, விமானச் சில்லின் கதையோடு இந்தப் பாடத்தையும் சேர்த்துக் கூறுவார்களாயின், மாணவர் வழியே அது லயந்தோறும் சென்று சேரும்.